பத்துக்குப் பதில் பீஸ்

வைப்பர் பீஸைப் பிடுங்கக் கண் தேவையில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும். உள்ளே பல்வரிசை மாதிரி பீஸ்கள். ஜெபதுரை ஓரத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஹாரன், பின் விளக்கு, அடுத்தது இது. இரண்டு நகங்களுக்கு நடுவில் பிடித்து ஆட்டி இழுத்ததும் பால்பல் போல வந்துவிட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடியை அழுத்தி, காரைப் பூட்டி, படிக்கட்டின் கைப்பிடியைத் தடவியபடி மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார்.

"பேட்டரி சார்ஜ் ஏறிட்டா?" என்று சமையலறையிலிருந்து ரூபி கேட்டாள்.

"ஏறிட்டு" என்றார்.

அது சனிக்கிழமை. மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவள் காரில் நரேலா வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக இருந்தது. சும்மா ஊர் பார்க்க அல்ல. நர்ஸ் வேலையில் ரூபிக்கு சிஸ்டர் இன்சார்ஜாகப் பதவி உயர்வு வந்திருந்தது. தனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகு, கடைசியில் ஒருவழியாக இவள் பெயரும் வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி நரேலாவில், டெல்லியின் வடக்குக் கடைசியில். இவர்கள் குடியிருப்பது தெற்கே மோதி பாக் குவார்ட்டர்ஸில். நரேலாவுக்கு மெட்ரோ இன்னும் போகவில்லை. காலை டியூட்டிக்குப் பொழுது புலர்வதற்கு முன் கிளம்பியாக வேண்டும். கார் இருந்தால் போகலாம். இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய வார்டிலேயே கிடக்க வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை போய்ச் சேராவிட்டால் அந்த நாற்காலி அடுத்தவளுக்கு.

அவள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் ஜெபதுரையின் விருப்பம். அதை அவர் விருப்பமாக ஒருநாளும் சொன்னதில்லை. மழை என்றார். ரிங் ரோடு என்றார். பஞ்சாப் லாரிக்காரன் குடித்துவிட்டு வருவான் என்றார். மூடுபனிக்காலம் வரப்போகிறதே என்று ஜூலை மாதத்திலேயே கவலைப்பட்டார்.

ஒரு காலத்தில் அந்தக் காருக்காகவே அறியப்பட்ட மனிதர் அவர். சாயர்புரத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு டெல்லி வந்து, அமைச்சக அலுவலகங்களில் கோப்பு தள்ளி, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றார். அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. சபையில் அவர் பெயர் கார் அண்ணாச்சி. ஊரிலிருந்து யாராவது பரீட்சை எழுத வந்தாலும், இன்டர்வியூவுக்கு வந்தாலும், பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வந்தாலும் நிஜாமுதீன் ஸ்டேஷனில் அவர் கார் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பாதிச் சபையை அவர்தான் ஏற்றி இறக்குவார். பிறகு சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். மிச்சம் இருந்தது வெளிச்சமும் நிறமும்தான். எழுத்தும் முகமும் போய்விட்டன. இப்போது சபையில் எல்லோரும் ஓலா ஆப் வைத்திருக்கிறார்கள். "அண்ணாச்சி, சுகமா இருக்கியளா?" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவர்கள் குறைவு.

ரூபி அதற்கப்புறம்தான் கார் ஓட்டப் படித்தாள். அம்பது தாண்டி, டிரைவிங் ஸ்கூலில், காலேஜ் பிள்ளைகளோடு. முதல் தடவை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியபோது சாணக்கியபுரி வரைக்கும் அவர் "கிளச், கிளச், ஏளா கிளச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தார். அவள் ஒரு நாவல் மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள்.

"எறங்குங்க."

"எதுக்கு?"

"பின்னால போய் உக்காருங்க. நீங்க பெரிய ஆபீசரு, நான் டிரைவரு. டிரைவர்கிட்ட ஆபீசரு கிளச்சப் பத்திப் பேச மாட்டாரு."

அன்றிலிருந்து அவர் பின் சீட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை பீஸ் தன் வேலையைச் செய்தது, அதாவது செய்யாமல் இருந்தது. ரூபி கிளம்பும்போதே தூறல். ரிங் ரோடு ஏறுவதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவள் திரும்பி வரும் வரைக்கும் ஜெபதுரை ரேடியோகூட வைக்கவில்லை. கதவுப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வைப்பர் ஓடல" என்றாள், துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கண்ணாடி பூரா தண்ணி. முன்னால போறது லாரியா மாடான்னு தெரியல. பின்னால வாரவன்லாம் ஹாரன் அடிக்கான். எப்படித்தான் திருப்பிக் கொண்டாந்தேனோ!"

அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் கண்ணாடியில் எந்நேரமும் வைப்பர் ஓடாத மழைதான். தெரிந்திருந்தும், அவள் படியேறி வந்த சத்தம் கேட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது போல நிம்மதியாகத்தான் இருந்தது.

"பீஸ் போயிருக்கும்" என்றார்.

"அத மாத்துறது பெரிய வேலையா?"

"வயரிங் பூரா பாக்கணும்லா. பழைய வண்டி. மெக்கானிக்கு வந்தான்னா அத மாத்து இத மாத்துன்னு நம்மள அழிச்சிருவான். உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? பேசாம எழுதிக் குடுத்துரு ரூபி."

அவள் துப்பட்டாவைப் பிழியப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் பெனிட்டா போனில் வந்தபோது, "மம்மி போகட்டும்ப்பா, ப்ளீஸ், நீங்க இமோஷனல் பிளாக்மெயில் பண்ணாதீங்க" என்றாள். டெல்லியில் பிறந்த பிள்ளை. அவளுடைய தமிழில் பாதி வேறு பாஷை. ஆனாலும் சொல்ல வந்தது சுருக்கென்று வந்துவிடும்.

திங்கட்கிழமை ரூபி டியூட்டி முடிந்து வர வழக்கத்தைவிடத் தாமதமானது. கீழே கார்க் கதவு திறப்பதும் மூடுவதும் ஜெபதுரைக்குக் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் படியில் செருப்புச் சத்தம், அதில் ஒரு துள்ளல்.

"கண்ண மூடுங்க" என்றாள் உள்ளே வந்ததும்.

"தொறந்து வச்சு மட்டும் என்னத்தப் பாக்கப் போறேன்? சொல்லு."

"வைப்பருக்குப் புது பீஸ் போட்டுட்டேன். பிளேடு ரெண்டும் புதுசு. மெக்கானிக்கும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. போன்ல வீடியோ பாத்தேன், நானே போட்டேன். இந்தக் கையால!" அவள் கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். கிரீஸ் வாடை அடித்தது.

ஜெபதுரை சிரித்தார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. "எங்க வாங்குன?"

"மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு சர்தார்ஜியோட கார் சாமான் கடை இருக்குல்லா, அங்கதான். பீஸ் கெடந்த டப்பாவக் காட்டி 'பாஜி, காடி கா பீஸ் தேனா'ன்னேன். 'பீஸ் கா?'ன்னாரு. 'ஹான் ஜி, பீஸ் கா'ன்னேன். வேற ஒரு கேள்வி கேக்கல. எடுத்துக் கையில குடுத்துட்டாரு. தங்கமான மனுஷன்."

ஜெபதுரையின் சிரிப்பு நின்றது.

"என்ன கலர்?"

"மஞ்ச. எலுமிச்சம்பழம் கணக்கா."

ரூபியின் இந்தி மோசமில்லை. நோயாளியைத் திட்டவும் தேற்றவும் அவளுக்கு இந்திதான் முதலில் வாயில் வரும். ஆனால் சிறுவயதில் வாயில் ஏறிய சில சொற்கள் எந்த ஊருக்குப் போனாலும் இறங்குவதில்லை. கரண்டுக் கம்பத்தில் போவது அவளுக்கு என்றைக்கும் பீஸ்தான், ஃபியூஸ் அல்ல. சர்தார்ஜியின் காதில் பீஸ் என்றால் இந்தியில் இருபது. காருக்கு இருபது வேண்டும் என்கிறாள், இருபதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, மஞ்சள் நிற இருபது ஆம்பியரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. வைப்பருக்குப் போட வேண்டியது பத்து. சிவப்பு.

"ஓட்டிப் பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா? முதல்ல ரெண்டு பிளேடும் நடுவுல ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கைகோத்துக்கிட்டு நின்னுட்டு. நம்ம கல்யாண போட்டோ மாதிரி. அணச்சிட்டுத் திரும்பப் போட்டேன், பிரிஞ்சிட்டு."

"நீளமான பிளேட எந்தப் பக்கம் மாட்டுன?"

"ஒண்ணு கொஞ்சம் நீளமாத்தான் இருந்துச்சு. இடது பக்கம்னு நெனைக்கேன். ஏன்?"

"அது மாட்டிக்கிட்டு நின்னப்போ பீஸ் போகலயா?"

"புது பீஸ்லா! எப்படிப் போவும்? கெட்டியா நின்னுச்சு. லேசா ரப்பர் வாடை வந்துச்சு. புதுசு பாத்தியளா, அதான்."

ஜெபதுரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அது ரப்பர் வாடை அல்ல. பீஸ் என்பதே போவதற்காக வைத்திருப்பது. பிளேடு மாட்டிக்கொண்டு மோட்டார் திணறினால், சிவப்பு பீஸ் தான் எரிந்து வயரைக் காப்பாற்றிவிடும். மஞ்சள் எரியாது. அது கெட்டியாக நிற்க நிற்க, உள்ளே வயர்தான் காயும். நாளைக்கு இருட்டில், கொட்டுகிற மழையில், லாரிகளுக்கு நடுவில் பிளேடுகள் மறுபடி கைகோத்துக்கொள்ளும். ரூபி பயந்துபோய்ச் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருப்பாள். டாஷ்போர்டுக்கு அடியில் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் புகை கிளம்பும்.

"மஞ்சள் கூடாது ரூபி" என்றார். "சிவப்பு போடணும். பிளேடும் பக்கம் மாறிக் கெடக்கு."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"மழைன்னிய. லாரின்னிய. பனின்னிய. இப்பம் கலரா?"

"இல்லளா, நெசமாத்தான் சொல்லுதேன். அது வயர எரிச்சிரும்."

"கண்ணு தெரியாது, கலர் மட்டும் தெரியுதோ? கார நீங்க பாக்கவே இல்ல. இங்கன உக்காந்துகிட்டே வயர் எரியுதுங்கிய." அவள் குரல் தாழ்ந்தது. கோபம் வந்தால் ரூபிக்குக் குரல் தாழும். வார்டில் எல்லோரும் அதற்குத்தான் பயப்படுவார்கள். "நான் போவக் கூடாது. அதான உங்களுக்கு? அத நேரா சொல்லுங்க. மஞ்ச சிவப்புன்னு சுத்தி வளைக்காதிய."

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். அவள் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தாள், அவர்தான் நுழையவில்லை. இத்தனை நாளும் பொய்யாகவே சொல்லிச் சொல்லி வைத்ததில், உண்மை வரும்போது அதற்கு உட்கார இடமில்லை. பழைய பீஸ் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் நம்புவாள். காட்டினால் அதைப் பிடுங்கியது யார் என்பதும் தெரிந்துவிடும்.

சாப்பிடும்போது, "கார் சாவி எங்க?" என்று கேட்டுப் பார்த்தார்.

"எதுக்கு?"

"சும்மா ஸ்டார்ட் பண்ணிட்டு வாரேன். பேட்டரி..."

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சாவி என் பையில இருக்கு. இட்லி இன்னொண்ணு வைக்கவா?"

வேண்டாம் என்றார். தானே வெட்டிய குழி என்று ஊரில் சொல்வார்கள். குழி என்றால் மேலே வானமாவது தெரியும். இது நாலு பக்கமும் சுவர் வைத்து, தளமும் போட்டு, உள்ளே தானே உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அவள் போனால் அவர் இந்த வீட்டுக்குள் நாள் முழுக்கத் தனியாக. அவள் போகாமல் இருக்க அவர் செய்த வேலையால், அவள் திரும்பி வருவாளா என்பதே இப்போது கேள்வி.

காலையில் மழைச் சத்தத்தில்தான் விழித்தார். ரூபி குளித்துக் கிளம்பியிருந்தாள். யூனிஃபார்மில் கஞ்சி போட்ட மணம். அவருடைய மத்தியானச் சாப்பாட்டை ஹாட் பாக்ஸில் வைக்கும் சத்தம், மூடி திருகும் சத்தம். டீயை அவர் முன்னால் வைத்தாள்.

ஜெபதுரை கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். பீஸை எடுத்து டீ டம்ளருக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார்.

"இது பத்து" என்றார்.

ரூபி அதை எடுத்தாள். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்திருப்பாள். அவள் நேற்றைக்கே படித்துவிட்டாள், எரிந்த பீஸில் உள்ளே கம்பி அறுந்திருக்கும் என்று.

"இது எரியலயே."

"எரியல."

"பொறவு?"

"சனிக்கிழம நாந்தான் புடுங்குனேன்."

மழை பால்கனித் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. வெள்ளையாக ஓர் உருவம், அசையாமல் நின்றது.

"அந்த வீடியோவுல பழசக் கழத்திட்டுப் புதுசப் போடுங்கன்னான்" என்றாள் ரூபி கடைசியில். "மூடியத் தொறந்தா எடம் காலியா கெடக்கு. கழண்டு கீழ விழுந்துட்டோன்னு முட்டுக்கால் போட்டு, டார்ச் அடிச்சு, மிதியடிக்கு அடியில, சீட்டுக்கு அடியில எல்லாம் தேடினேன். போற வாரவன் பூரா பாத்துட்டுப் போறான். நம்மதான் எங்கயோ தொலைச்சிட்டோம் போலன்னு நெனச்சேன்."

"ரூபி..."

"எதுக்குங்க?"

"நீ விடியுமுன்ன போனா இருட்டுனதுக்கு அப்புறம்தான் வருவ. நான் இதுக்குள்ள ஒத்தையில..."

"நான் இருந்தேன்லா" என்றாள். "நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்து, பிள்ளையையும் வச்சிக்கிட்டு. நீங்க கார எடுத்துக்கிட்டு எவனெவனையோ நிஜாமுதீன்ல ஏத்தி எறக்கப் போயிருவிய. ஒத்தையிலதான் இருந்தேன். உங்க பீஸ யாராவது புடுங்குனாவளா?"

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க கீழ. எந்தப் பக்கம் எதுன்னு சொல்லுங்க" என்றாள்.

கீழே அவர் குடை பிடித்தார். மூடிக்கு அவர் கை நீண்டபோது, "நகருங்க, நான் போடுதேன்" என்றாள். மஞ்சளைப் பிடுங்கிச் சிவப்பைச் சொருகினாள். பிளேடுகளைக் கழற்றி, நீளமானதை டிரைவர் பக்கம் மாற்றி மாட்டினாள். கொக்கி விழும் 'டிக்' சத்தத்துக்கு ஜெபதுரை காதைக் கொடுத்திருந்தார். "இன்னும் ஒரு அழுத்து" என்றார். அழுத்தினாள். டிக். குடை அவருடைய பக்கமே சாய்ந்திருந்ததில் அவளுடைய வெள்ளைத் தோள் நனைந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். சரக், சரக் என்று மாறி மாறி ஒரே தாளத்தில் ஓடியது. ஒன்றையொன்று தொடவில்லை.

ஜெபதுரை குடையை மடக்கி, பின்கதவின் கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடித்துத் திறந்தார்.

"எங்க?"

"நானும் வாரேன். அங்க எங்கயாவது பெஞ்சுல உக்காந்துக்கிடுதேன். உனக்குத் தொந்தரவு இருக்காது."

"வேண்டாம்."

"வாயத் தொறக்க மாட்டேன் ரூபி."

"தொறக்காட்டாலும் வேண்டாம். நீங்க பின்னால இருந்தா நான் ரோட்டப் பாக்க மாட்டேன், கண்ணாடியில உங்களத்தான் பாத்துக்கிட்டே ஓட்டுவேன். கதவ மூடுங்க, தண்ணி உள்ள அடிக்கி." அவர் மூடினார். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினாள். "மத்தியான ஊசி ஃபிரிட்ஜுல நடுத்தட்டுல இருக்கு. போட்டுட்டுதான் சாப்பிடணும். மத்தத சாயங்காலம் வந்து பேசிக்கிடுதேன்."

பேசுவாள். அதில் அவருக்குச் சந்தேகமில்லை.

வண்டி நகர்ந்தது. கேட் பக்கம் திரும்பும் வரைக்கும் இரண்டு சிவப்பு வெளிச்சங்கள் தெரிந்தன. பிறகு அவையும் மழைக்குள் போய்விட்டன. வைப்பர் சத்தம் மட்டும் இன்னும் கேட்பது போல் இருந்தது. அது கேட்க வழியில்லை என்றும் தெரிந்தது.

மாடிக்கு ஏறி வந்து, ஈரச் சட்டையை மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்தார். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தார். போன் அடித்தது.

"குட் மார்னிங்ப்பா. மம்மி நிக்கல் கயீ?" பெனிட்டா.

"போயாச்சு."

"சச்சி? கடைசியில நீங்க மம்மிய விட்டீங்களா!"

"நான் எங்களா விட்டேன்? அவளேதான் போனா."

பெனிட்டாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்தாள். முதல் ஷிப்ட் ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, வைக்கட்டுமா என்றாள்.

"இரு, இரு. உன் போன்ல பாத்துச் சொல்லு. நரேலாவுல மழை பெய்யுதா?"

"ஒன் மினிட்... ஹாங்ப்பா, ஹெவி. ஈவினிங் வரைக்கும் காட்டுது. ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

"அச்சா, பை ப்பா."

அவள் வைத்த பிறகும் ஜெபதுரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அதற்கடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே இன்னும் சரியாக விடியக்கூட இல்லை.